ஏணி இருந்த இடம்

பதினோரு மாதமாகச் சோணையம்மாள் அந்த ஏணியைப் பார்க்காமல்தான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் வந்தாள்.

பார்க்காமல் போவது அத்தனை சுலபமில்லை. பன்னிரண்டு படி வைத்த மூங்கில் ஏணி. கொட்டகைச் சுவரை ஒட்டி நீளவாக்கில் படுத்திருந்தது. சாணி அள்ளப் போனால் கண்ணில் படும், வைக்கோல் உருவப் போனால் காலில் இடிக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். தான் செய்ததை நேரில் பார்த்த சாட்சி வீட்டோடு வந்து படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு.

நேமத்தான்பட்டியின் பெரிய பெரிய வீடுகளெல்லாம் முடிந்து, கண்மாய்க்கரை தொடங்குகிற இடத்தில் அவர்கள் வீடு. மண்சுவர், கூரையைத் தாங்கப் பனங்கை, மேலே நாட்டு ஓடு. வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு பசு. அவள் புருசன் பெத்தனின் தாத்தா காலத்திலிருந்து கைமாறாத நிலம். வலையபட்டியிலிருந்து பத்தொன்பது வயதில் வாழ வந்தவள் சோணையம்மாள். இப்போது ஐம்பத்து மூன்று. இந்த முப்பத்து நான்கு வருடத்தில் அவள் நாள்காட்டியைக் கிழித்து மாதத்தைத் தெரிந்துகொண்டதே இல்லை. கண்மாய் வற்றி, வண்டல் மண் அள்ள டிராக்டர் வந்து நின்றால் அது சித்திரை. ராமநாதபுரத்துக் கீதாரி வந்து வயலில் ஆட்டுக்கிடை போட்டு, வீடு முழுக்கப் புழுக்கை வாசம் அடித்தால் வைகாசி. கையெல்லாம் கருவேல முள் குத்தி, ராத்திரி சோறு பிசைய எரிந்தால் வேலி அடைக்கிற ஆனி. ஆடியில் உழவு. ஆவணியில் தண்ணீர் வருகிற வரத்துக்கால் வெட்டி, ஓடு மாற்றி, விதை மூட்டையை வெயிலில் உலர்த்திவிட்டால், மழைக்கு முன்னால் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காரலாம்.

எல்லா வேலையிலும் அவள் கை உண்டு. இரண்டே இரண்டில் மட்டும் இல்லை. விதைக்கிற கையும் ஓடு மாற்றுகிற கையும் பெத்தனுடையவை. "வெதைக்கிறவன் கை ஒண்ணா இருக்கணும். ஓட்டு மேல நடக்குற காலும் ஒண்ணா இருக்கணும்" என்பார். யாரையும் விடமாட்டார்.

போன ஆவணியில்தான் அது நடந்தது.

காலையிலிருந்து பெத்தன் ஓட்டின் மேல் இருந்தார். முருங்கைக்கீரை பிரட்டி வை என்று மேலிருந்தே குரல் கொடுத்திருந்தார். கொல்லையில் முருங்கையின் கீழ்க்கிளை முழுவதையும் ஆடு மேய்ந்திருந்தது, மேல்கிளை எட்டவில்லை. சோணையம்மாள் வாசலுக்கு வந்தாள். வலது தூணுக்கு நேராக ஏணி சாய்ந்திருந்தது. அவரோ அந்தப் பக்கச் சரிவில், கண்ணில் படாத இடத்தில் இருந்தார். ரெண்டு நிமிடம்தானே என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் சாய்த்தாள். ஒரு கை கீரை ஒடித்திருப்பாள். அதற்குள் சிவப்புப் பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கொழுந்தனின் கடலைக் கொல்லைக்குள் பாய்ந்தது. கீரையைப் போட்டுவிட்டு ஓடினாள். பசுவைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்தபோது, சாக்கு மூட்டையை மேலிருந்து போட்டது போல ஒரு சத்தம் கேட்டது.

முப்பது வருடப் பழக்கம். திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக நகர்ந்து வந்து, ஏணி இருக்கும் இடத்தில் காலை நீட்டியிருக்கிறார் அந்த மனிதர்!

அவள் ஓடி வந்தபோது பெத்தனுக்கு நினைவில்லை. இடது கால் கோணிக் கிடந்தது. அடுத்து அவள் செய்ததைத்தான் பதினோரு மாதமாக அவளால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்காரவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைக்கவில்லை. கொல்லைக்கு ஓடினாள். முருங்கையிலிருந்து ஏணியை இழுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டாள். அதற்குப் பிறகுதான் "ஐயோ!" என்று கத்தினாள்.

முதலில் ஓடி வந்தது கொழுந்தன் வீரபாண்டியன். "ஏணி சறுக்கிருச்சா மதினி?" என்றான்.

சோணையம்மாள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த ஒரு தலையாட்டலே ஊர் முழுக்கப் பரவிப் போதுமானதாகிவிட்டது.

காரைக்குடியில் இடுப்பில் தகடு வைத்தார்கள். நான்காவது மாதம் எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று டாக்டர் சொன்னார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் அகல்யா ஒரு வாக்கர் வாங்கி அனுப்பினாள். பெத்தன் அதைத் தொடவில்லை. கொல்லைக்குப் போக வர மனைவியின் தோளைப் பிடித்துக்கொள்வார், திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்துவிடுவார். வாக்கரில் அவர் துண்டும் ஒரு குடையும் தொங்கின.

வலியா என்றால் இல்லை என்பார். எந்த வயலில் என்ன போடலாம் என்று கேட்டால், "என்கிட்டக் கேக்காத. நீயும் வீராவும் பாத்துக்கங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். போன வருடம் விதைத்தது வீரபாண்டியன்தான். காலையில் எழுந்ததும் "இன்னைக்கு என்ன கிழம?" என்பார். மத்தியானம் மறுபடி கேட்பார். ஒரு குச்சியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் கிடந்தபடியே தரையில் பொட்டுப் பொட்டாக ஏதோ வைப்பார். பொழுது போகாமல் செய்கிறார் என்று அவளும் துடைக்காமல் விட்டாள்.

ஒரு நாள் வீரபாண்டியன் கோடாலியோடு வந்தான். "மனுசனத் தள்ளிவிட்ட ஏணி வீட்ல இருக்கக்கூடாது மதினி. வெட்டி அடுப்புல வைங்க."

உள்ளேயிருந்து பெத்தனின் குரல் வந்தது. "அத வெட்டாத வீரா. ஏணி மேல ஒரு தப்பும் இல்ல."

சோணையம்மாள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். தெரிந்திருக்கிறது! எல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்த மனிதர் பேசாமல் கிடக்கிறார். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் சுவரைப் பார்க்கிறார். அன்றிலிருந்து அவள் சோற்றை வைத்துவிட்டு, நிற்காமல் வெளியே வந்துவிடுவாள்.

இந்த ஆவணியும் வந்தது. ஓட்டின் மேல் மயில்கள் நடந்து நடந்து பாதி ஓட்டை இடம் மாற்றியிருந்தன. ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் பெய்த மழைக்கே நடுக்கூடத்தில் ஏழு பாத்திரம் வைக்க வேண்டியதாயிற்று. விதைநெல் மூட்டை ஒன்றின் மூலை நனைந்துவிட்டது. ஓடு மாற்றுகிற ஆள் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்.

அன்றைக்கு அகல்யா போனில் அழுதாள். "அம்மா, டாக்டர்கிட்டப் பேசினேன். ஒரு வருசம் நடக்காமக் கெடந்தா சதையெல்லாம் செத்துப்போயிரும், அப்புறம் நெனச்சாலும் நடக்க முடியாதுங்கிறாரு. இன்னும் ஒரு மாசந்தாம்மா இருக்கு. நீ சொன்னாக்கூடக் கேக்கலையா?"

நான் எந்த முகத்தோடு சொல்வேன் என்று நினைத்தாள் சோணையம்மாள். "பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணி வாக்கில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஏணியை நேருக்கு நேராகப் பார்த்தாள். தூசி தட்டினாள். தூக்கி வந்து வலது தூணுக்கு நேராகவே சாய்த்தாள். இரண்டு கால்களும் ஒன்றுபோல ஊன்றவில்லை, லேசாக ஆடியது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீரபாண்டியன் பார்த்துவிட்டான். "என்ன மதினி, பொம்பள ஓட்டு மேல ஏறுறீக?"

"ஏன், ஏறுனா ஓடு வெக்கப்படுமா?"

"அதுக்கில்ல. ஏற்கெனவே ஒருத்தரக் கட்டில்ல போட்டாச்சு. எனக்கு இன்னொரு கட்டில் பின்ன முடியாது. தகரத்தப் போட்டு மூடிருவோம்னா கேக்க மாட்டேங்கிறீக."

"தகரம் போட்டா உள்ள இருக்கிற மனுசன் வெந்துருவாரு. நீ ஒன் வரத்துக்கால வெட்டு கொழுந்தனாரே. நான் விழுந்தா சத்தம் கேக்கும், அப்ப வா."

கூடத்துக்குள் போய் நின்றாள். கட்டிலில் கிடந்தவர் அவள் செருகிய சேலையைப் பார்த்தார்.

"ஏறப் போறேன். எங்கெங்க வெளிச்சம் விழுகுதுன்னு உள்ள இருந்து சொல்லுங்க, போதும்."

மேலே ஓட்டைப் பார்த்தார். பிறகு, "கண்ணுக்குத் தெரியிறதச் சொல்றேன். நெனப்புல இருக்கிறத மட்டும் கேக்காத" என்றார். அதற்கு அர்த்தம் அப்போது அவளுக்குப் புரியவில்லை.

முதல் பத்து நிமிடம் ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். காலுக்குக் கீழே எல்லாம் நகர்வது போலிருந்தது. பிறகு பனங்கை ஓடும் வரிசை பார்த்துக் காலை வைக்கப் பழகினாள். ஒரு ஓட்டைத் தூக்கினாள்.

"அங்குட்டு இல்ல. இங்குட்டு ரெண்டு ஓடு தள்ளி." கீழேயிருந்து குரல் வந்தது.

"இதா?"

"அதில்ல, அதுக்கு மேல்வரிச. ம்... அதான். விரிசல் விட்ருக்கு பாரு. மாத்து. அடியே, மூஞ்சில மண்ணக் கொட்டாத!"

"கொட்டுனாத் தள்ளிப் படுங்க. நானா கட்டில்ல கட்டிப்போட்டேன்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கீழே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பதினோரு மாதத்தில் முதல் சிரிப்பு. அவள் கண் நிறைந்து, ஓடு இரண்டிரண்டாகத் தெரிந்தது.

மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. கையை வேகமாக ஓட்டினாள். நேரம் போகப் போகக் கீழே இருந்த குரலில் பழைய அதட்டல் திரும்பியது. அழுத்தாதே, ஓட்டைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வை, அணில் கூட்டைக் கலைக்காமல் ஒதுக்கு என்று ஆயிரம் அதிகாரம்.

"இன்னும் எத்தன?" என்றாள்.

"பதினேழுல பதிமூணு அடஞ்சிருச்சு. நாலு இருக்கு."

"தரையில கரியால வச்சிருக்கீகளே பொட்டு, அது இதுக்குத்தானா? நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்."

அவள் அப்போது தூக்கியிருந்த ஓட்டின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். கட்டில் நேர் கீழே இருந்தது. பெத்தன் மல்லாந்து கிடந்தார். ஒரு கை அகலத்துக்கு வெயில் அவர் முகத்தில் விழுந்திருந்தது.

"வெளையாட்டு இல்ல சோணை. பரீட்ச" என்றார். "நேத்து எத்தன வெளிச்சப் பொட்டு, எங்கெங்க விழுந்துச்சுன்னு மறுநா பாக்காமச் சொல்ல முடியுதான்னு பாப்பேன். பெறகு எண்ணிப் பாத்துக்கிருவேன்."

"எதுக்கு?"

"எங்கய்யாவுக்கு அறுவது வயசுல இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. மொத மம்பட்டிய வச்ச எடம் மறந்துச்சு. பெறகு வீட்டுக்கு வர்ற வழி மறந்துச்சு. கடைசில எங்காத்தாவப் பாத்தே 'நீ யாரு தாயி'ன்னு கேட்டாரு. எனக்கும் அறுவத்தொண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். "அன்னைக்கு ஏணிய வலது தூணுக்கு நேரா வச்சேன்னு எந்தச் சாமி முன்னாலயும் சத்தியம் பண்ணுவேன். காலை வச்சா அங்க ஏணி இல்ல. சறுக்கல சோணை. சறுக்கியிருந்தா கால்ல தட்டியிருக்கும். இல்லவே இல்ல. எங்கயோ வச்சுட்டு எங்கயோ எறங்கிருக்கேன். நீ அதப் பாத்துட்டு, எனக்குக் கேவலம்னு, ஏணிய எடுத்துப் பக்கத்துல போட்டுச் சறுக்கிருச்சுன்னு சொல்லிட்ட. எனக்குத் தெரியாதா? என்னயக் காப்பாத்துறதுக்குத்தான சொன்ன?"

சோணையம்மாள் ஓட்டுச் சரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சு நடங்கிறீக எல்லாரும். நடந்தாத்தான வழி தொலையும்? கட்டில்ல கெடந்தாத் தொலைய மாட்டேன்ல" என்றார் பெத்தன்.

கடவுளே! தன்னை வெறுத்துச் சுவரைப் பார்க்கிறார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? இந்த மனிதர் பதினோரு மாதமாகத் தன்னையே அல்லவா தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்! இடுப்பு எலும்பை உடைத்தது அவளுடைய ஒரு நிமிட மறதி. மனிதரை உடைத்தது அவள் தலையாட்டல்.

சொன்னால் இனி அவள் முகத்தில் விழிப்பாரா? முப்பத்து நான்கு வருடம் வாழ்ந்த வாழ்க்கை இந்த ஓட்டை வழியாகவே ஒழுகிப் போய்விடுமே! ஒரு நொடிதான் தயங்கினாள். அவர் முகத்திலிருந்த வெயிலை மேகம் மெல்ல அழித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க" என்றாள். "நீங்க எதையும் மறக்கல. நான்தான் எடுத்தேன்."

"என்னத்த?"

"ஏணிய. முருங்கைக்கீரை ஒடிக்க எடுத்துட்டுப் போனேன். பசு அவுத்துக்கிட்டு ஓடுச்சு, அது பின்னால போயிட்டேன். நீங்க வச்ச எடத்துலதான் வச்சிருந்தீக. வலது தூணுக்கு நேரா. நீங்க விழுந்த பெறகு நான்தான் இழுத்துட்டு வந்து பக்கத்துல போட்டேன். ஒங்களக் காப்பாத்த இல்ல. என்னயக் காப்பாத்திக்கிட."

முகம் இருட்டிவிட்டதால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க..."

பதில் இல்லை.

மிச்சமிருந்த நான்கு இடத்தையும் தானாகவே தடவிப் பார்த்து அடைத்தாள். "இங்குட்டு", "அங்குட்டு" என்று சொல்ல யாரும் இல்லை. கடைசி ஓட்டை வைத்தபோது தன் கையாலேயே ஒரு கதவைச் சாத்துவது போலிருந்தது. மழையின் முதல் துளி புறங்கையில் விழுந்தது.

குப்புறப் படுத்துப் பின்பக்கமாக நகர்ந்து வந்தாள். விளிம்பு வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. ஏணி இருக்கிறதோ இல்லையோ! இல்லாமல் போனாலும் கேட்க எனக்கு வாயில்லை என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காலைக் கீழே நீட்டினாள்.

படி காலில் தட்டியது. அடுத்த கால். ஏறும்போது ஆடிய ஏணி இப்போது ஆடவில்லை. தரையில் நட்டது போல நின்றது.

குனிந்து பார்த்தாள்.

பெத்தன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஏணியின் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்திருந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. மூச்சு வாங்கியது. வாசல்படியில் துண்டும் குடையுமாக வாக்கர் கவிழ்ந்து கிடந்தது. அவர் முகத்தில் வழிந்ததில் எது மழை, எது கண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை.

"அப்ப எம் புத்தி நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க."

"வலது தூணுக்கு நேராத்தான வச்சிருந்தேன்?"

"அங்கனதான்."

"இன்னொரு தடவ சொல்லு."

"அங்கனதாங்க வச்சிருந்தீக!" ஏணியில் நின்றபடியே சோணையம்மாள் தேம்பினாள்.

"பதினோரு மாசம்! பாதகத்தி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றவர் மூச்சு முட்டி நிறுத்தினார். "கோவம் மலை மாதிரி வருது. அப்புறமாக் கோவப்படுறேன். மொத எறங்கு, கை ஓய்ஞ்சுபோச்சு."

அவள் இறங்கி அவர் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தாள். அவர் விலக்கவில்லை. முழுப் பாரத்தையும் போடவும் இல்லை.

மழைக்கு ஒதுங்க ஓடி வந்த வீரபாண்டியன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே! நிக்கிறீக?"

"நான் நிக்கிறது இருக்கட்டும். ஒங்க மதினி ஒண்ணு சொல்லணுமாம், கேளு."

சோணையம்மாள் மனைவியாக அல்ல, குற்றவாளியாகத் தலையை நிமிர்த்தினாள். "ஏணி சறுக்கல கொழுந்தனாரே. கீரை ஒடிக்க நான் எடுத்துட்டேன். அன்னைக்கு நான் தலையாட்டுனது பொய்."

வீரபாண்டியன் அண்ணனைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான். "நல்லவேள, அத வெட்டாம விட்டேன்" என்றான்.

மூவரும் கூடத்துக்குள் போனார்கள். மழை ஓட்டின் மேல் கொட்டியது. பாத்திரம் எதுவும் வைக்கவில்லை. பெத்தன் கட்டிலில் உட்கார்ந்தார், படுக்கவில்லை. மேலே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொட்டியது, அவர் வழிசொல்லாமல் அவள் அடைத்த நான்கில் ஒன்று.

"நாளைக்கு நான் வெளிய நின்னு சொல்றேன், அத மாத்து" என்றார். பிறகு விதை மூட்டைகளைப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழம" என்றார்.

"ஆமாங்க, வெள்ளி" என்றாள் சோணையம்மாள், வழக்கம்போல.

"நான் கேக்கல. சொல்றேன்" என்றார் பெத்தன். "அடுத்த வாரம் இந்த ஈரம் காஞ்சிரும். வர்ற வெள்ளிக்கிழம மேலச்செய்யில வெதைப்பு. துண்டையும் கொடையையும் எடுத்துட்டு அந்த வாக்கர இங்குட்டுக் கொண்டா."